உட்கார்ந்து அழுத்திய ரொட்டி

பலகை எழுத வந்த பெயின்டர் அளவெடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டவர். ‘துறைமுக சாண்ட்விச்’ என்று எழுதி முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால், எழுத்தெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கிப்போய், இடப்பக்கம் ஒரு முழத்துக்கு வெறுமையாகக் கிடந்தது.

“மொட்டையா இருக்கேம்மா. ஏதாவது போட்டுடட்டுமா?”

கடைக்காரம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “ஏதாவது போடுங்கண்ணே. சீக்கிரம் முடிச்சாச் சரி.”

அவர் ‘அசல்’ என்று போட்டார். இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் ஒரு நங்கூரமும் வரைந்தார். அப்படித்தான் அந்தக் கடை அசல் கடை ஆனது.

அவள் பிறந்தது அந்தச் சாண்ட்விச்சுக்குப் பேர்போன துறைமுக ஊரில்தான். அப்பா இறந்த பிறகு தையல் வேலைக்காகக் கடலே இல்லாத இந்த நகரத்துக்கு வந்தாள். சட்டைக் காலர் தைத்துத் தைத்துக் கழுத்து போன பிறகு, ரொட்டி சுடும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் இந்த நகரத்துக்காரர். கடலை நாள்காட்டிப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பஸ் டிப்போவுக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டிய அகலத்தில் இவர்கள் கடை. ரொட்டி அவர் கை. உள்ளே வைக்கும் வறுத்த மீனும் வினிகரில் ஊறிய மிளகாயும் வெங்காயமும் அவள் கை. மூடி, துணியைச் சுற்றி, பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை மேலே ஏற்றி வைத்தால் ரொட்டி தட்டையாகும். அந்த ஊர் சாண்ட்விச்சுக்கு அதுதான் அடையாளம்.

பலகையைப் பார்த்துவிட்டு அந்த ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். டிப்போக்காரர்களைவிட அவர்கள் வாங்குவதுதான் அதிகம் என்று ஆயிற்று. வியாபாரத்தோடு கூடவே குழப்பமும் வந்து சேர்ந்தது.

“பச்சை வெங்காயமா? எங்க ஊர்ல வதக்கித்தான் வைப்பாங்க” என்றார் ஒருவர். வதக்கினாள்.

“வெங்காயத்தை வதக்கினா அதுக்குப் பேரு சாண்ட்விச்சா?” என்று சண்டைக்கு வந்தார் அடுத்தவர். பச்சையாக வைத்தாள்.

“வெங்காயமே கிடையாதேம்மா!” என்று மூன்றாமவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒரு முடிவுக்கு வாடி. நீ மாத்துற மாத்துல ரொட்டிக்கே கிறுக்குப் பிடிச்சுடும்போல” என்றார் கணவர்.

எப்படி முடிவுக்கு வருவாள்? அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணியேறிக் கூண்டுக்குள் போனால் சாயங்காலம்தான் இறக்கம். கூண்டுக்குள் ஒரு இருக்கை, சில நெம்புகோல்கள், அவ்வளவுதான். சாப்பாட்டை எங்கே வைப்பது? அம்மா துணியில் சுற்றிக் கொடுத்த ரொட்டியை இருக்கையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். கிரேன்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். மத்தியானம் எடுத்தால் ரொட்டி தட்டையாக, வெதுவெதுப்பாக இருக்கும். பாதி தின்றுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் தின்றதெல்லாம் அந்த மீதிதான். அந்த ஊர்க் கடைத்தெருவில் இதையே இரும்புத் தகட்டில் அழுத்தி விற்ற பெரிய கடை ஒன்று இருந்தது. கிடங்குக்குப் பின்னால் குடியிருந்த இவர்களை அந்தக் கடைக்குள் விடமாட்டார்கள். பின்பக்க ஜன்னலில் கை நீட்ட வேண்டும். அம்மா ஒருமுறை நீட்டினாள். ரொட்டியின் ஓரத்துண்டுகளைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நீட்டவில்லை.

ஆக, அசல் எது என்று அவளுக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தத் துறைமுக ஊர்க்காரர்கள் இங்கே நடத்திய ஊர்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், சங்கத் தலைவர். இன்னொருவர் அவருடைய அக்கா. அசல் என்று போட்டிருப்பதால் சோதித்துப் பார்க்க வந்திருப்பதாகவும், சரியாக இருந்தால் ஆண்டு விழாச் சாப்பாடு இந்தக் கடையில்தான் என்றும், இல்லையென்றால் அந்தச் சொல்லை அழித்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அழிக்காவிட்டால் ஊர்க்காரர் ஒருவரும் வரமாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது.

டாக்டர் கண்ணை மூடிக் கடித்தார். “வெங்காயம் வதக்கியிருக்கணும்.”

“டேய், உனக்கென்ன தெரியும்? ஊரைவிட்டு வரும்போது நீ பால்புட்டியோட வந்தவன். பச்சைதான்.”

“அக்கா, அப்பா சொல்லியிருக்காரு.”

“அப்பா சொன்னது வேற கடைய.”

“அப்ப அசல் கடை எது?”

அக்கா விரலை நக்கினாள். எப்படி அழுத்துகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “அதே பதம்! யாரு கத்துக்கொடுத்தா?”

“இவதாங்க. அந்த ஊர்லயே பொறந்தவ” என்றார் கணவர் பெருமையாக.

“அப்படியா? எந்தப் பக்கம்?”

“கிடங்குக்குப் பின்னால.”

டாக்டர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். அவர் ஏன் வைத்தார் என்று கணவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே, எதற்கென்று யோசிக்காமல் கிரேன் கதையை முழுவதும் சொல்லிவிட்டாள்.

“என்னம்மா இது? நம்ம ஊரு சாண்ட்விச் மேல... உட்காருவாங்களா?”

“உட்கார்ந்ததாலதானே தட்டையாச்சு, டாக்டர். தகடு அப்புறம்தானே வந்துச்சு.”

டாக்டர் கணவரைப் பார்த்துப் பேசினார். “பலகை அப்படியே இருக்கட்டும். விழாவுக்குச் சாப்பாடும் உங்களோடதுதான். ஆனா பரிமாற நீங்க வாங்க. இவங்க சமையல்கட்டோட இருக்கட்டும். அந்த உட்கார்ற கதையும் வேண்டாம்.”

ஒரு ரொட்டிக்குப் பூர்வீகம் விசாரிக்கிற கூட்டம், அதைச் செய்கிறவளின் பூர்வீகத்தையும் விசாரிக்காமல் விடாது. ஊர் பழசானாலும், கடல் தூரமானாலும், படிப்பு ஏறினாலும் அந்தப் பின்பக்க ஜன்னலை மட்டும் பத்திரமாகக் கழற்றி எடுத்து வந்துவிடுகிறார்கள்.

“ஒரு சந்தேகம் டாக்டர்” என்றாள் அவள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்கவில்லை. “அந்த ஊர்ல பொறந்த நான் உள்ள. கடலையே பார்க்காத இவரு வெளிய. இதுல அசல் யாரு?”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தெருவைப் பார்த்தாள்.

“நான் முன்னால நின்னு பரிமாறுறதா இருந்தா விழாவுக்கு வரேன். இல்லேன்னா வேண்டாம்.”

அவர்கள் போன பிறகு கணவர் சொன்னார்: “பாதி வியாபாரம் போயிடும்டி.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“நானே ஒரு ஜன்னல் வெட்டி அதுக்குப் பின்னால போய் நிக்கணுமா?”

அவருக்குப் பாதி புரிந்தது. “சரி, பலகையை அழிக்கணுமா வேண்டாமா? அதையாவது சொல்லு.” அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அழித்தால் அவர்கள் சொன்னதற்குப் பணிந்ததாகிவிடும். விட்டால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதாகிவிடும்.

விழாச் சாப்பாடு வேறு இடத்திலிருந்து போனது. ஊர்க்காரர்களில் பலர் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே போனார்கள். மாவு பிசைவது பாதியாகக் குறைந்தது. செருப்புக் கடைக்காரரும் டிப்போ டிரைவர்களும் வழக்கம்போல் வந்தார்கள். அவர்களுக்கு வெங்காயத்தில் எந்தக் கொள்கையும் இல்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம் டாக்டரின் அக்கா தனியாக வந்து நின்றாள்.

“அந்த உட்கார்ந்த ரொட்டி... ருசி எப்படிம்மா இருக்கும்?”

“தெரியலைங்க. அப்பா மிச்சம் வைக்கிறதைத்தான் நான் தின்னிருக்கேன். அதுக்குள்ள ஆறி விறைச்சுப் போயிருக்கும். நீங்கதான் பெரிய கடையில சூடாச் சாப்பிட்டிருப்பீங்க.”

“நானா?” அக்கா சிரித்தாள். “எங்க வீட்டுப் பொம்பளைங்க கடையில உட்கார்ந்து தின்னக் கூடாது. அப்பா பொட்டலம் கொண்டுவருவாரு. வர்ற வழியில பாதிய முடிச்சுட்டு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரம்மா ரொட்டியை நிரப்பி, துணி சுற்றி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

“கட்டிக் கொடுத்துடும்மா” என்றாள் அக்கா.

“கட்ட மாட்டேன். உள்ள வந்து உட்கார்ந்து சூடாச் சாப்பிடுங்க.”

அக்கா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு கடைக்காரம்மாவின் கணவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, முக்காலியில் உட்கார்ந்து கடித்தாள். வெகுநேரம் மென்றாள்.

“எப்படிங்க? இதுதானா?”

“யாரைக் கேக்குற?” என்றாள் அக்கா. “எனக்கென்ன தெரியும்? நீயும் ஒரு வாய் தின்னு பாரேன்.”