கைடில் இருந்த அம்மா

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.காம். சேர்ந்தவர்களை முதல் வாரமே தனி வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். நாலு வரி இங்கிலீஷில் எழுதப் பழக்கப் போகிறார்களாம். மாதக் கடைசியில் ஒரு பரீட்சை, தேறாவிட்டால் பி.காமை விட்டுவிட்டு, இடம் காலியாக இருக்கும் வேறு பாடத்துக்கு ஓட வேண்டும். எங்கள் குப்பத்திலிருந்து தாம்பரம் வரை பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த இடம் இது. நான் ஏன் விட வேண்டும்?

முதல் நாள் மேடம் 'என் அம்மா' பற்றி எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்து கைடில் மனப்பாடம் செய்த கட்டுரை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படியே இறக்கி வைத்தேன். தாள்களைப் புரட்டிய மேடம், "இந்த கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே அம்மாவா?" என்றார். செம்பாக்கத்துப் பையனும் பம்மல் பெண்ணும் நானும் அதே கைடைத்தான் உருப்போட்டிருந்தோம்.

பிறகு அவரே அலுத்துப்போய் ஒரு தாளைக் கொடுத்தார். பார்த்தால், அதிலும் அதே கைடு கட்டுரைதான். "பரீட்சைக்கும் இதே தலைப்புதான். இந்த மாடலை மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போங்க. சொந்தமா எழுதுறதெல்லாம் உங்களுக்கு வராது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழக்கத்தானே கூப்பிட்டீர்கள்?

ஆனாலும் பயம். அன்று சாயங்காலம், மேடவாக்கத்தில் மீன் விற்றுவிட்டு வந்து அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் தாளை நீட்டினேன். பள்ளி நாளிலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தடுமாறினால், "மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு" என்பாள்.

"மை மதர் ஈஸ் எ ஹவுஸ்வைஃப்" என்று தொடங்கினேன். அடுத்த வரியை அவளே முணுமுணுத்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகியிருந்தது. சட்டென்று நிறுத்தி, "மதர்னா நான்தானே? என்னைப் பத்தி இன்னாடி போட்டுக்கீது?" என்றாள்.

சொன்னேன். நீ வீட்டிலேயே இருப்பாய், ஆபீஸ் போகும் அப்பாவுக்கு டிபன் கட்டிக் கொடுப்பாய், சாயங்காலம் எனக்குக் கதை சொல்லுவாய்.

கடலுக்குப் போய்விட்டு வந்து அசந்து தூங்கும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆபீசா! எவ வூட்டு அம்மாடி இவ?" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தினி வருசமா இதையா சொல்லிக்கினு இருந்தே?"

எனக்குச் சிரிப்பே வரவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தத் தாளைக் கசக்கி மீன் செதிலோடு குப்பையில் போட்டேன்.

அப்புறம் தினமும் நானே எழுதினேன். தெரியாத வார்த்தையை போனில் தேடினேன். அம்மாவும் விடவில்லை. "அப்பார்ட்மென்ட்டாண்ட வாட்ச்மேன் என்னைப் போ போன்னு தொரத்துறானே, அதையும் எழுது. வுடாத!" மேடம் சிவப்பு மையில் அடித்து அடித்து ஓய்ந்தார். "பிடிவாதம் பிடிக்காத. ஃபெயில் ஆனா நான் பொறுப்பில்ல." "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுதினேன்.

பரீட்சையில் மற்றவர்கள் மாடலைக் கொட்டிவிட்டு எழுந்து போனார்கள். நான் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசி இரண்டு வரி: தி வாட்ச்மேன் செய்ஸ், 'கோ'. ஷி டஸ் நாட் கோ.

தாள் முழுக்கச் சிவப்போடு திரும்பி வந்தது. மயிரிழையில் பாஸ்.

"மாடலை எழுதியிருந்தா முழு மார்க் வாங்கியிருப்ப. எதுக்கும்மா இந்த வீம்பு?" என்றார் மேடம்.

"அது எங்க அம்மா இல்ல மேடம்."

வீட்டுக்கு வந்து தாளை அம்மா கையில் கொடுத்தேன். வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியாகச் சொல்லி, தமிழிலும் சொன்னேன். எங்கேயும் தடுமாறவில்லை. ஆனாலும் தாளை என்னிடம் திருப்பித் தராமல், "மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.