கொழுந்தில்லாமல் முதலாவது வந்தவன்

எங்கள் ஓட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, மைக் கிடையாது, மாலை போட்டுக்கொள்ள ஒரு பெரிய மனிதரும் கிடையாது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து வரும் ஞாயிறு காலையில் மாத்தளை மலைப்பக்கத்து இரத்தோட்டைக் கடைவீதியில் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் ஓடலாம். ரிவர்ஸ்டன் பாதையில் ஏறி, தேயிலை தொடங்கும் இடத்தில் இருக்கிற சின்னப் பாலத்தைத் தொட்டுத் திரும்பிவர வேண்டும். தோட்டத்து ஆட்கள், கடைவீதி முஸ்லிம் பையன்கள், பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன்கள் எல்லாரும் ஓடினோம். ஓடி முடித்தவனுக்குப் பேக்கரியில் ஒரு பனிஸ் ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயும் கிடைக்கும். கடைசியாக வந்தவனுக்கும் அதே பனிஸ்தான்.

யார் பாலம்வரை போனார்கள், யார் பாதி வழியில் மிளகுக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பினார்கள் என்று பார்க்க நாங்கள் ஆள் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. பாலத்துக்கு அருகில் உள்ள தேயிலையில் ஒரு கொழுந்து கிள்ளிக்கொண்டு வரவேண்டும். கீழே தேயிலை இல்லை, அதனால் ஏமாற்ற வழியில்லை. கொழுந்தோடு வந்தால் கணக்கு. வெறுங்கையோடு வந்தால் பனிஸ் உண்டு, கணக்கில்லை. அந்த மலையைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி வருடா வருடம் பேக்கரிக்கு இறங்கி வந்து, "களவெடுத்த கொழுந்தையெல்லாம் நிறுத்துக் குடுங்கப்பா" என்று மிரட்டுவார். மிரட்டும்போது அவர் கையிலும் ஒரு பனிஸ் இருக்கும்.

நான் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தேன். எனக்குப் போட்டியாக ஓடியவன் கடைவீதியில் கராம்பும் ஏலமும் வாங்கி விற்கிற முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். ஏற்றத்தில் அவன் கெட்டிக்காரன், இறக்கத்தில் நான். இறக்கம் கடைசியில் வருவதால் ஒவ்வொரு வருடமும் நான்தான் முந்தினேன். அதைச் சொல்லிச் சொல்லி அவனை வெறுப்பேற்றுவதில் எனக்கு ஒரு சுகம். அவன் கடைக்கு வருகிறவர்களிடம்கூட, "இவன் கராம்பு முதல் தரம், கால்தான் கொஞ்சம் மட்டம்" என்பேன். அவன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொள்வான்.

எண்பத்து மூன்றாம் வருடச் சித்திரையில் அவன் என்னை முந்தினான். கடைசி வளைவில் நான் கண்டது அவன் முதுகைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நான் பேக்கரி வாசலுக்கு வந்தபோது அவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கொழுந்து இல்லை. வழியில் எங்கேயோ நழுவி விழுந்திருந்தது. பாலத்தடியில் அவன் குனிந்து கிள்ளியதை நான் என் கண்ணால் கண்டிருந்தேன். அதை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"நீதான் மச்சான் முதலாவது. நீ கிள்ளுனத நான் பாத்தேன்."

"நீ சொல்லி நான் முதலாவது வாறதா? வேணாம்." அவன் பனிஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "அடுத்த வருஷம் கொழுந்தப் பல்லுல கடிச்சிக்கிட்டு வாறேன். அப்ப சொல்லு."

எல்லாரும் சிரித்தோம். அடுத்த வருடத்தை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாடு எரிந்தது. மாத்தளை நகரமும் எரிந்தது. தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆண்கள் நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். என் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அவன் தன் வீட்டு மேல்மாடியில் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே மறைத்து வைத்திருந்தான். பிறகு நான் அதைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் கையை அசைத்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவான்.

முன்பெல்லாம் ஓட்டத்துக்கு முதல் நாள் பொலிஸ் சார்ஜனிடம் "நாளைக்கு ஓடுறோம்" என்று சொன்னால் போதும். அவருடைய மகனும் எங்களோடுதான் ஓடுவான். மறு சித்திரையில் அது செல்லவில்லை. அவசரகாலச் சட்டம், பெர்மிட் வேண்டும் என்றார்கள். நானும் அவனும் பொலிஸ் பெரியவரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். எந்தச் சங்கம் நடத்துகிறது என்று சிங்களத்தில் கேட்டார். சங்கம் இல்லை என்றோம். யார் பொறுப்பு என்றார். எல்லாரும்தான் என்றோம். அப்படியானால் பெர்மிட்டை யார் பெயரில் எழுதுவது என்றார். 

"என் பெயரில் எழுதுங்க மஹத்தயா" என்றான் அவன்.

பெரியவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னார். பாதையில் ஆமிக்காரர்கள் நிற்கிறார்கள். ஊர் தெரியாத பையன்கள். தமிழ் இளைஞர்கள் கும்பலாக ஓடிவருவதைக் கண்டால், எதற்கு ஓடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததும் அதனால்தான். அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் வெளியே வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

அதன் பிறகு சித்திரை வந்தால் பொலிசுக்குப் போவதே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. பிறகு, தெற்கின் கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கியபோது, சிங்கள இளைஞர்கள் காணாமல் போகத் தொடங்கிய வருடங்கள் வந்தன. சார்ஜனின் மகன் தப்பினான். எங்களோடு ஓடிய மற்றச் சிங்களப் பையன்களில் சிலர் வீடு திரும்பவேயில்லை. அந்த வருடங்களில் நாங்கள் பெர்மிட் கேட்கவும் போகவில்லை.

நிலைமை சற்று அடங்கியதும் அதே பாதையில் ஓர் அரசியல்வாதியின் பிறந்த நாளுக்கு மரதன் ஓட்டம் நடந்தது. கொடி, ஒலிபெருக்கி, பொலிஸ் காவல் எல்லாம் இருந்தன. பெர்மிட் எழுத ஒரு பெயரும் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. அதிலாவது போய் ஓடிவிட்டு வருவோம் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"அதுல கொழுந்து கேப்பாங்களா?" என்றான்.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"அப்ப எனக்கெதுக்கு மச்சான் அது?"

ஒரே ஒரு பொலிஸ் பெரியவர் மட்டும் ஒரு வருடம் கொஞ்சம் இறங்கி வந்தார். ஓடக் கூடாது, நடக்கலாம் என்றார். எல்லாரும் வெள்ளைச் சட்டை போட வேண்டும், வரிசை கலையக் கூடாது, முன்னால் போகும் ஜீப்பை முந்தக் கூடாது. சரி என்று நடந்தோம். செத்த வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நடந்தோம். அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு நாற்பது நெருங்கியிருந்தாலும் ஓடக்கூடிய உடம்புதான். திரும்பி வரும் இறக்கத்தில் என் பக்கத்தில் நடந்த என் மச்சானின் கால்கள் தாமாகவே எட்டிப்போயின. ஜீப்பின் பின்புறத்தைப் பார்த்ததும் இழுத்துப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அப்படியே.

பாலத்தடியில் அவன் ஒரு கொழுந்து கிள்ளியிருந்தான். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு பேக்கரிவரை வந்தான். பேச்சே இல்லை, பேசினால் விழுந்துவிடுமே.

"இந்தா, கொண்டு வந்துட்டல்ல. நீதான் முதலாவது" என்றேன்.

அவன் கொழுந்தை எடுத்துத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான். "நடந்தது கணக்கில்ல மச்சான்."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுகிற காலுக்கு நல்ல வருடங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தோம். யாரையும் தூக்கி எறியாத, யாரிடமும் ஒன்றும் கேட்காத ஒரு சின்னக் காரியத்துக்கு இந்த நாட்டில் ஒரு காலை நேரம் இல்லாமல் போனதே என்று இப்போதும் மனது கசக்கிறது.

பிறகு சமாதானம் என்று சொன்ன காலம் வந்தது. பெர்மிட் கேட்ட உடனே கிடைத்தது. புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டே, இதற்கெல்லாமா பெர்மிட் என்று சிரித்தார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. பொலிசுக்கு நான் தனியாகத்தான் போயிருந்தேன். சீனி வருத்தம் முற்றி, முந்திய வருடம் அவனுடைய வலது பாதத்தில் பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். கடை வாசலில் கதிரையில் இருந்தவனிடம் போய், "கெடச்சிருச்சு" என்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "நல்லம்தானே. பொடியன்கள் ஓடட்டும்" என்றான்.

பொடியன்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். நான் ஓடியதை ஓட்டம் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். கடைசி ஆளாகக் கொழுந்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பேக்கரிக்கு வந்து சேர்ந்தேன். அவன் வாசலில் உட்கார்ந்து எல்லாருடைய கொழுந்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கென்று ஒரு பனிஸை மடியில் எடுத்து வைத்திருந்தான். நான் கொழுந்தை வாயிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"இது உன்னோடது. எண்பத்து மூணுல விழுந்துச்சே, அது. இன்னைக்குத்தான் கண்டெடுத்தேன்."

அவன் வெகுநேரம் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொழுந்தை வாங்கவில்லை.

"போடா பொய்க்காரா. அடுத்த வருஷம் நானே கிள்ளிக்கிட்டு வாறேன்."

அந்த அடுத்த சித்திரைக்கு முன்பே அவன் போய்விட்டான். செய்தி வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். பஸ்ஸுக்காகப் பாலத்தடியில் நிற்கும்போது கை தானாக ஒரு கொழுந்தைக் கிள்ளியது. பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்யும் மையவாடிக்கு, உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியை வேகமாகக் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி எட்டி நடந்தார்கள். என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. பாதி வழியில் பின்தங்கிவிட்டேன். சந்தூக்கு வளைவில் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. மேலே பச்சைக் கொப்புகள் வைத்திருந்தார்கள். என் கொழுந்தையும் அவற்றோடு வைத்தேன். அவன் பார்த்திருந்தால் அதை எடுத்து எறிந்திருப்பான். என்னையத் தூக்கிக்கிட்டு வந்தது கணக்கில்ல மச்சான் என்றிருப்பான்.