என் பேரை எடுக்க பஸ் ஏறி வந்த மேடம்

பத்மாவதி மேடம் போய்விட்டார் என்று புதுச்சேரியிலிருந்து அவர் மகள் போன் செய்தபோது, லாரியிலிருந்து வேப்பங்கட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். கட்டையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், நீங்களும் எழுத வேண்டும் என்று மகள் பிறகு கேட்டார். "நான் ஆறாவதையே ரெண்டு தடவ படிச்சவன்மா" என்றேன். "உங்களப் பத்தி பேசும்போதுதான் அம்மா அதிகமா சிரிப்பாங்க. எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாம் அவரைக் கல்லூரியில் பூச்சிப் பாடம் நடத்திப் பார்த்தவர்கள். நான் பார்த்தது செஞ்சியில், என் விறகுத் தொட்டியில்.

விறகு வாங்க வருகிறவர்கள் கட்டையைத் தட்டிப் பார்த்து, காய்ந்ததா என்று கேட்பார்கள். மேடம் முதல் தடவை வந்தபோது, "நல்லா மக்கின கட்டை இருக்கா? பூஞ்சை பிடிச்சிருக்கணும்" என்று கேட்டார். "என் கழிசலைத் தேடி வந்த மொத கிராக்கி நீங்கதான் மேடம்" என்றேன். பின்பக்கம் கிடந்த புளியங்கட்டையைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் பட்டையை மெதுவாக நெம்பினார். உள்ளே, இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு பூச்சி. அதன் பேரே தட்டைப் பூச்சியாம். 

"இன்னா மேடம், மூட்டைப்பூச்சிக்கு சொந்தக்காரனா?" 

"தூரத்து சொந்தம். ஆனா இது ரத்தம் குடிக்காது. பூஞ்சையத்தான் உறிஞ்சும்." 

"அப்போ சைவம்." 

"என்ன மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார் என்பதால், வந்தால் வெளிச்சம் இருக்கும்போதே என் வீட்டுக்காரி இட்லி ஊற்றிவிடுவாள். ஒருநாள் சீண்டினேன். "சமண வீட்டுப் பொண்ணு, எறும்பக்கூட மிதிக்கக் கூடாது. நீங்க பூச்சிய ஸ்பிரிட்ல போடறீங்களே?" மேடம் கோபப்படவில்லை. "அது எனக்கு உறுத்தாத நாளே இல்ல ஏழுமலை. அதனாலதான் ஒரு கட்டையில ஒண்ணு ரெண்டுக்கு மேல எடுக்க மாட்டேன்" என்றார். எடுத்ததும் பட்டையைப் பழையபடி வைத்துக் கயிறால் கட்டிவிடுவார். கூட வந்த ஒரு புரொபசர், "இன்னும் நாலு எடுங்க மேடம், பத்தாது" என்று கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி இருந்தது. மரத்தில் வடிந்த பிசின் மண்ணில் புதைந்து இறுகி அப்படி ஆகுமாம். உள்ளே ஒரு தட்டைப் பூச்சி கால் பரப்பிக் கிடந்தது. மனுசனே பிறக்காத காலத்துப் பூச்சி, அதையும் புதுசு என்று கண்டு பேர் வைத்தவர் மேடம்தான். "அன்னிக்கும் இதே மூஞ்சிதானா? ஒரு ஃபேஷனும் மாத்தல?" என்று கேட்டேன். "பட்டைக்கடியில வாழறதுக்கு இதவிட நல்ல உடம்பு கிடையாது. எதுக்கு மாத்தணும்?" என்றார்.

என் புளியங்கட்டையில் எடுத்த பூச்சிக்குச் சிறகு கிடையாது. உலகத்தில் யாரும் அதுவரை எழுதாத இனம் என்று கண்டுபிடித்து, செஞ்சியின் பேரையே வைத்தார். சில வருடம் கழித்து ஒரு மாங்கட்டையில் சிறகுள்ள பூச்சி ஒன்று அகப்பட்டது. அதுவும் புது இனம் என்று எழுதி, அதற்கு என் பேரை வைத்துவிட்டுப் போன் செய்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்குக் கூட்டாளிகள் அடித்த ஃப்ளெக்ஸில் ஒரு பக்கம் என் படம், மறுபக்கம் பூச்சி படம். எது யார் என்று கேட்டுக் கேட்டே ஊர் சிரித்தது.

பிறகு ஒரு மழை நாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த மேடம், தொட்டியில் நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சும்மா கைபோன போக்கில் ஒரு கட்டையின் பட்டையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. செஞ்சிப் பூச்சியும் என் பேருள்ள பூச்சியும் ஜோடி சேர்ந்திருந்தன. பக்கத்தில் இன்னும் சில ஜோடிகள், குஞ்சுகள். பஸ் வந்து போனது. அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னா மேடம், எனக்கும் செஞ்சிக்கும் சம்பந்தம் ஆயிடுச்சா?" என்றேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். கையில் பையில்லாமல் வந்து நின்றார். பூச்சி பார்க்க வரவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"ஏழுமலை, ரெண்டும் ஒரே இனம். அது பொட்டை, இது ஆண். நான்தான் ரெண்டா பிரிச்சு எழுதிட்டேன். மொதல்ல வெச்ச பேருதான் நிக்கும். அது சட்டம். உங்க பேரு போகுது."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சே மேடம். பார்த்தது நீங்களும் நானும்தானே? பட்டைய மூடிட்டு டீ குடிக்கலாம்."

"மூடினாலும் உள்ள அது ஒரே இனமாத்தானே இருக்கும்" என்றார். பிறகு, "நிறைய எடுக்காதது தப்பில்ல. எடுத்துட்டு, உக்காந்து பார்க்காம எழுந்து போனேனே, அதான் தப்பு. அப்படியேதான் எழுதப்போறேன்" என்றார்.

"என் பேர சுத்தமா அழிச்சிருவாங்களா?"

"அழிக்க மாட்டாங்க. செஞ்சிப் பேருக்குக் கீழ உங்க பேரும் இருக்கும். தப்பு பண்ணது நான்னு என் பேரும் கூடவே இருக்கும்."

"அப்போ ரேஷன் கார்டுல கீழ சேர்த்த மாதிரி." 

இதற்குச் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "குடுத்தத போன்ல சொல்லலாம். எடுக்கறதுக்கு நேர்லதான் வரணும்" என்றார். வீங்கின முட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்திருக்கிறார் என்பதை அவர் காலைப் பிடித்துவிட்ட என் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

அவர் சொன்னபடியே எழுதினார் என்பதும், தன் தப்பைக் காட்டியே உங்களுக்குப் பாடம் நடத்தினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு செஞ்சிக்கு வரும்போதெல்லாம் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு கட்டை முன்னால் உட்கார்ந்துவிடுவார். எதையும் எடுக்கமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி இருக்கீங்க மேடம்" என்பேன்.

மேடத்திடமிருந்து என்னிடம் தங்கிப்போனது, அன்றைக்கு அவர் வந்து நின்ற அந்த நிற்பு. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்பிய விறகில் பாதி ஈரம் என்று, லோடு போன பிறகுதான் தெரிந்தது. போனைத் தேடிய கையால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சமையல்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நின்று கேட்டுக்கொண்டு, ஈரத்தை ஏற்றி, காய்ந்ததை இறக்கினேன். அவருக்கு அதற்குள் கோபம் ஆறிவிட்டது.

"எறக்கிட்டுப் போனப்புறம் எவன்யா தானா வந்து சொல்றான்?" என்றார்.

"புதுச்சேரியில ஒருத்தங்க இருந்தாங்கண்ணே" என்றேன்.