நாக்குப் படாத கவர்

என் அப்பா ஒரு சந்தேகப் பிராணி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். பால்காரர், தபால்காரர், அடுத்த வீட்டு மாமி என்று அவர் சந்தேகப்படாத ஆளே கிடையாது. என்னை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருஷம் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை. வயது இருபத்தாறு ஆகிவிட்டது, ஆறேழு ஜாதகம் தட்டிப்போயிருந்தது. கடைசியில் கும்பகோணத்து இடம் ஒன்று பொருந்தி வந்தது. மகா ஆசாரமான குடும்பம். அவர்களுக்கு எழுதுவதற்கென்றே அப்பா தெப்பக்குளம் கடையில் கோந்து தடவிய கவர் ஒரு கட்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் சோறு பட்டதெல்லாம் பத்து, தொட்டால் கை அலம்ப வேண்டும் என்பதால் சோற்றுப் பசை ஆகாது. நாக்கால் நனைத்தால் எச்சில், கேட்கவே வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்துத் தடவித்தான் ஒட்டுவார். அந்தக் கோந்தை யார், எதில் காய்ச்சினார்கள் என்று மட்டும் ஏனோ விசாரிக்கவில்லை.

அது தித்தித்தது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு மூன்று கவர்களை நக்கி, காயவைத்து, இருந்த மாதிரியே அடுக்கிவிடுவேன். அந்தக் கவர்கள் ஈரம் இருக்கும்வரை ஒட்டியிருக்கும், காய்ந்ததும் வாயைப் பிளந்துவிடும். அதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்?

தங்கள் கவர் திறந்தபடியே வந்து சேர்ந்தது என்று கும்பகோணத்திலிருந்து பதில் வந்தது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த கவரில் ஒட்டிய இடத்தின்மேல் நீலப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அனுப்பினார். அதுவும் திறந்தே போயிற்று. கடிதங்களைத் தபாலில் சேர்ப்பவர் எங்களோடு இருந்த அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. மாப்பிள்ளைக்கு வயது ஜாஸ்தி என்று எப்போதோ வாய்தவறிச் சொன்னவரும் அவர்தான். அப்பாவுக்கு அது போதும்.

என்னைக் கூப்பிட்டார். "சித்தப்பா அந்தக் கவரையெல்லாம் தொட்டு நீ பாத்தியாடி?"

பார்த்திருந்தேன். முதல் நாள்தான் சித்தப்பா வெற்றுக் கவர்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கோந்து இருந்தது பளபளத்தது, நான் நக்கியது மங்கிக் கிடந்தது. பிறகு திரும்பி என்னையே பார்த்தார்.

"பாத்தேம்ப்பா. வெயில்ல பிடிச்சுப் பாத்துண்டிருந்தார்" என்றேன். சொன்னது அத்தனையும் நிஜம். என்னை மாதிரி ஒரு கள்ளியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"கூடப் பொறந்தவளுக்கே குழி பறிக்கறியேடா" என்றார் அப்பா.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற அத்தையையும் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே தென்னூரில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கடிதத்தை அப்பாவே கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தப்பா யாரோ விருந்தாளி மாதிரி கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. புறப்படும்போது சித்தப்பா ஒரு ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"இனிமே இதைச் சப்பு. கவரை விட்டுடு."

எனக்கு அடி விழக்கூடாதென்றுதான் சித்தப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்து நான் பூரித்துப்போனேன். காரணம் வேறு என்று வளர்ந்தபின்தான் புரிந்தது. எச்சில் பட்ட கவரில் வந்த கடிதங்கள் என்று தெரிந்திருந்தால் கும்பகோணத்தார் அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றிருப்பார்கள். அப்பாவோ, தெரிந்தபின் மறைக்கிற மனிதர் இல்லை. அத்தையின் கழுத்தில் தாலி ஏறுவதற்காகத் தன் அண்ணனை இழந்துவிட்டு ஒருவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். நான் இரண்டாவது மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.