மாமா தொடாதே என்ற பட்டன்

என் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் தோரணையைப் பார்க்க வேண்டும். அம்மாவின் தம்பியான அவர், திருவள்ளூரில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு, காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அம்மா பேக்கிங் வேலை பார்த்த அதே கம்பெனியின் ஆபீசில் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அவர் உட்கார்ந்த இடத்துக்கே தண்ணீர் போயிற்று.

நான் அப்போது மூன்றாவது படித்தேன். அரையாண்டு லீவில் என்னைத் தனியாக வீட்டில் விட மனம் இல்லாமல், அம்மா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போய் மாமாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த மாதம்தான் எல்லாரையும் கம்பெனியில் போட்டோ எடுத்திருந்தார்கள். போட்டோ எடுத்தால் பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், பேக்கிங் செக்‌ஷனே பவுடர் பூசிக்கொண்டு வரிசையில் நின்றது. அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பர்மனெண்ட் ஆனதும் கூரையைப் பிரித்து ஷீட் போடுவது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது.

மாமாவின் வேலை, அந்தப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. திரையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வருவார். பெரிதாக முகம், பக்கத்தில் பெயர், ஊர், சேர்ந்த தேதி. கீழே இருக்கும் அம்புக்குறியை அமுக்கினால் அடுத்தவர் வருவார். நான் அமுக்கிக்கொண்டே போவேன். எதிர்வீட்டு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவாள். கம்பெனி வேன் ஓட்டும் பெரியப்பா முறைத்துக்கொண்டு வருவார். அம்மா வந்ததும் நிறுத்திவிடுவேன். அத்தனை அழகாக அவளை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

"இன்னா வேணா அமுக்கு. மேல மூலைல கீற பட்டன மட்டும் தொடாத," என்று மாமா சொல்லியிருந்தார். அது மேனேஜர் பார்க்கிற விதமாம், நமக்குத் தேவையில்லையாம். அதை அமுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கே சரியாகத் தெரியாது என்பது என் சந்தேகம்.

தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அமுக்கினேன்.

அம்மாவைக் காணோம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எழுத்துகள், ஆளுக்கு ஒரு வரி. எழுத்துக்கூட்டி அம்மாவின் பெயரைத் தேடிப் பிடித்தேன். முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆங்கிலத்தில் 'பிட்மேப் இமேஜ்' என்று இருந்தது. எதிர்வீட்டு அக்காவும் பிட்மேப் இமேஜ். பெரியப்பாவும் பிட்மேப் இமேஜ். அத்தனை பேரையும் நானே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் நின்று போனால் அந்தப் பயம் வந்துவிடுகிறது.

மாமா வந்து பார்த்தார்.

"இன்னாடி பண்ண?"

"எல்லாரும் பூட்டாங்க மாமா."

"எங்கயும் போவல. அப்டின்னா போட்டோன்னு அர்த்தம். எல்லாம் உள்ளதான் கீறாங்க," என்று சிரித்துக்கொண்டே மவுஸைப் பிடித்து அந்த வரிகளைப் பக்கவாட்டில் நகர்த்தினார். கடைசிக் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்றது. தினமும் அவர் பார்த்த பக்கத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி. அந்த மாதத்தின் கடைசி நாள், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. 'வேலையை விட்டு நின்ற தேதி' என்பது அதன் தலைப்பு என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். மாமா அடிவரைக்கும் ஓட்டிப் போனார். கடைசி வரியில் அவருடைய பெயர். அதற்கு நேராகவும் அதே தேதி. அவருடைய முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மத்தியானம் மேனேஜர் ரூமுக்குப் போய்விட்டு வந்தார். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னார்.

"பர்மனெண்டும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. மாசக் கடைசியோட எல்லாரையும் நிறுத்துறாங்க. என்னையுந்தான். அந்த போட்டோகூட செக்யூரிட்டிக்குத்தானாம். மறுபடியும் நம்மள உள்ள உடாம இருக்கறதுக்கு."

"இன்னாடா சொல்ற? நீதான தெனம் அத்தப் பாத்துகினு கீற?"

"நான் ஒவ்வொருத்தராத்தான்கா பாத்தேன்."

அம்மா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வேனிலிருந்து ஹாரன் அடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கல்யாணப் புடவை கட்டி எடுத்த போட்டோ போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழுவாதம்மா. அந்தப் பட்டன இன்னொரு தபா அமுக்குனா எல்லாரும் திரும்ப வந்துடுவாங்க," என்றேன்.

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என்னை இழுத்து மூச்சு முட்டும்படி கட்டிக்கொண்டாள். நான் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.