தாடையக்காவின் முந்நூறு படங்கள்

எங்கள் ஸ்டுடியோவில் ஜன்னல் கிடையாது. இருந்த ஒன்றையும் முதலாளி பலகை அடித்து மூடிவிட்டார். வெளிச்சம் உள்ளே வந்தால் படம் கெட்டுவிடுமாம். அந்த அறைக்குள் பதினொரு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுப்பவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. வருகிறவர்களிடமெல்லாம் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தாடையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் பக்கத்து மேஜையில் படங்களை வெட்டி உறையில் போடுகிறவள்.

பழைய கேமராவில் வேகத்துக்கும் வெளிச்சத்துக்கும் முதலாளி என்றோ வைத்த எண்கள்தான் கடைசிவரை. அக்கா பொத்தானை அமுக்குவாள், அவ்வளவுதான். அந்தக் கேமரா மண்டையைப் போட்டதும் புதுசு வந்தது. அதே வாரம் படம் எடுக்க வந்த ஒரு தலைமையாசிரியைக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று.

"எங்க ஸ்கூலுக்கு ஒரு போட்டோகிராபர் தேடிட்டிருக்கோம்மா. சனிக்கிழமை பிள்ளைங்க விளையாடுறத எடுத்துக் காட்டு. நல்லா வந்தா வேலை உனக்குத்தான்."

அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதிய இடைவேளையில் போனில் வீடியோ பார்த்து, மேஜை ஃபேனைச் சுழலவிட்டுப் படம் எடுத்தாள். ஷட்டர் மெதுவாக இருந்தால் இறக்கைகள் புகையாகத் தெரிந்தன. வேகமாக வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஆனால் படம் கறுத்துவிட்டது. அப்புறம் லென்ஸின் துளையைப் பெரிதாக்கி, படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றி, ஒருநாள் சரியாகப் பிடித்துவிட்டாள். "நின்னுடுச்சுடி!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நல்ல வலி.

வெயிலுக்கான எண்களை வீடியோவைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். "லீவு நாள்தானே, கேமராவ எடுத்துட்டுப் போ. ஆனா எதையும் நோண்டாத" என்றார் அண்ணன். பை தூக்க நானும் போனேன்.

மைதானத்தில் கண் கூசியது. நோட்டில் இருந்த எண்களை அப்படியே வைத்து, மணலுக்கு மேல் தாவிய ஒரு பெண்ணை அக்கா எடுத்தாள். இருவரும் கேமராவின் திரையில் எட்டிப் பார்த்தோம்.

"இருட்டா இருக்கேக்கா" என்றேன். என் வாய்தான் அப்படிச் சொன்னது.

"ஆமால்ல" என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்தாள். திரை அப்போதும் மங்கல். ஐஎஸ்ஓவை ஏற்றினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே முந்நூறு படம் எடுத்தாள். எங்கள் இருட்டறையில் அந்தத் திரை பளிச்சென்று தெரியும். அதை நம்பியே பழகிய எங்களுக்கு, வெயிலில் மங்குவது திரைதான், படமில்லை என்று தோன்றவே இல்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டோம். முதல் படத்தில் அந்தப் பெண் ஆகாயத்தில் நின்றாள். முழங்காலில் ஒட்டிய மணல்கூடத் தெரிந்தது. இரண்டாவது சற்று வெளுத்திருந்தது. பத்தாவதில் முகம் இல்லை. அதற்கப்புறம் வெறும் வெள்ளைதான்.

அண்ணன் பின்னால் வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்காவின் போனை எடுத்துத் தலைமையாசிரியையிடம் அவரே பேசினார்.

"அவளுக்கு அதெல்லாம் வராதுங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க."

அக்கா பேசுவாள் என்று பார்த்தேன். என் மேல்தான் தப்பு என்று நானாவது சொல்லியிருக்கலாம். வெட்டுகிறவளுக்கு எதற்கு வாய் என்று கேட்பாரே என்ற பயத்தில் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

"திங்கக்கிழமைக்குக் கேமராவோட மெமரி கார்டு வேணும். எல்லாத்தையும் அழிச்சிடு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்கா முந்நூறையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "முதல் படத்தையாவது வெச்சுக்கோக்கா. அது சரியாத்தானே வந்திருக்கு!"

"அதனாலதான்டி" என்று கையை விலக்கினாள். "அத வெச்சிருந்தா, இந்த ரூம்ல உக்காந்து தினமும் பாக்கணும்."