முடிந்தும் போகாத வரிகள்

1991 ஜூலையில், ஒரகடம் போகிற சாலையில் இருந்த ஒரு கியர் தொழிற்சாலைக்கு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்கூட அந்த ஆபீசில் ஒருத்தியைத் தவிர யாரும் இல்லை. டைப்பிஸ்ட் இசைவாணி பூந்தமல்லியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் என்று அவளுடைய விண்ணப்பத்தில் இருந்ததை மேனேஜர் ராஜாமணி பார்த்துவிட்டார்.

"இனிமே இது உன் பொறுப்பும்மா" என்றார்.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பென்னலூரில் அப்பா தாவீது கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா கோவிந்தம்மா, தம்பி அன்புவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்பத்தூர் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். இசைவாணி சாயங்காலம் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் மறுநாள் காலைக்கும் மிஞ்சியது.

ஆபீசிலும் இடம் மாறியது. அதுவரை டைப்பிங் மேசையில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இப்போது ஏ.சி. போட்ட கண்ணாடி அறை. வெளியே குமாஸ்தாக்கள் பேசிச் சிரிப்பது தெரியும், சத்தம் கேட்காது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவர்கள் டிபன் பாக்ஸை மூடியிருப்பார்கள். சில நாட்களில் அறைக்குள்ளேயே சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

வேலை இதுதான். கேட், ஸ்டோர்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், டெஸ்பாட்ச் என்று நாலு இடத்தில் திரையும் பிரின்டரும் வைத்திருந்தார்கள். எங்கிருந்து சரக்குச் சீட்டு கேட்டாலும் கண்ணாடி அறையில் இருந்த பெரிய மெஷின் அதை அடித்துக் கொடுக்கும். இரண்டு ஷிப்டும் ஓடுவதால் அதை அணைப்பதே கிடையாது. முதல் மாதம் சீட்டுகள் கொஞ்சம்தான், ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் வேலை சூடுபிடித்ததும் ஒரு நாள் மதியம் நாலு திரையும் ஒன்றாக மறுத்துவிட்டன. புதிதாக எதையும் தொடங்க முடியாது என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அணைத்துப் போட்டாள், சரியானது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை.

கேட்டில் சீட்டு வாங்கும் டில்லிபாபு ஓடி வந்தார். "இன்னா மேடம், மறுபடியும் பூட்ச்சா? லாரிக்காரன் கத்திக்கினு கீறான்."

மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆபரேட்டர் ஏதாவது தப்பா அழுத்தியிருப்பாங்க" என்றார்கள். ராஜாமணிக்கு அது போதுமானதாக இருந்தது. செப்டம்பரில் இசைவாணிக்கு மெமோ கொடுத்தார். கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அந்த மெமோவை அடித்தவர் முன்பு அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்லலாம் என்றால் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, "வாணி, முகம் ஏன் ஒரு மாதிரி கீது?" என்று கேட்டாள். "தலைவலி அக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன்னால் என்ன நடந்தது எல்லாம் எழுதினாள். மாதக் கடைசியில் சரக்கு எண்ணுவதற்காக ஸ்டோர்ஸை நாலு நாள் மூடினார்கள்; சரக்கு அசையாததால் எங்கிருந்தும் சீட்டு கேட்கவில்லை. அந்த நாலு நாளும் அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியென்றால் தப்பு தன் கையில் இல்லை. சீட்டு அடிக்காத நாளில் நிற்பதில்லை. நிறைய அடிக்கிற நாளில் சீக்கிரம் நிற்கிறது.

மெஷினோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு படிக்க ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று பட்டியல் கேட்க ஒரு வழி இருந்தது. கேட்டுப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வரி வரும் என்று நினைத்தவளுக்குத் திரை நிறைந்து மேலே ஓடியது. நூற்று நாற்பத்தாறு வரி. பெரும்பாலானவற்றின் பக்கத்தில் 'டிஃபங்க்ட்' என்று இருந்தது. அகராதியில், 'செத்துப்போன' என்று போட்டிருந்தது.

விஷயம் புரிய ஒரு வாரம் பிடித்தது. சீட்டு வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரிய புரோகிராம் அதைத் தானே அடிப்பதில்லை. ஒரு பிள்ளைப் புரோகிராமைப் பெற்று அந்த வேலையைக் கொடுக்கிறது. பிள்ளை சீட்டை அடித்து முடித்துவிட்டு இறந்துபோகிறது. ஆனால் அதன் பெயர் பட்டியலிலிருந்து போவதில்லை. தாய் ஒருமுறை வந்து, 'முடிந்ததா, எப்படி முடிந்தது?' என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் மெஷின் அந்த வரியை அழிக்கும். இந்தத் தாய் கேட்கவே இல்லை. பெற்றுக்கொண்டே போனது. பட்டியலில் இருநூறு வரிக்குத்தான் இடம். அது நிறைந்ததும் புதிதாக ஒரு பிள்ளைக்கும் வழியில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ராஜாமணியிடம் போனாள். அவர் இரண்டு நிமிஷம் கேட்டார்.

"கம்பெனிக்காரன் எழுதினதுல நீ கை வைக்காதே. அவன்கிட்டயே சொல்லு."

லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்கே போனாள். அந்தக் கம்பெனியில் இருந்தவர், அதை எழுதியவர் சிங்கப்பூர் போய்விட்டார் என்றார். "எங்களுக்கே அது தலை கால் புரியாதும்மா. அப்பப்ப அணைச்சுப் போட்டுக்குங்களேன்."

சிங்கப்பூர் போனவர் தான் எழுதியதன் மூலப் பிரதியை மெஷினிலேயே விட்டுப் போயிருந்தார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர்ஸ் கணக்கு பாக்கி என்று செக்யூரிட்டியிடம் சொல்லி உள்ளே போனாள். நிறுத்திப் பேச ஆளில்லாத தொழிற்சாலையில் அவளுடைய நடை அவளுக்கே கேட்டது. பழையதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பெற்ற இடத்துக்கு அடுத்தாற்போல் 'வெயிட்', அதாவது பிள்ளை முடிக்கும்வரை காத்திருந்து கேள், என்று ஒரு வரி சேர்த்தாள். இரண்டு சீட்டு அடித்துப் பார்த்தாள். பட்டியலில் செத்த வரி ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டெஸ்பாட்சில் பிரின்டரில் பேப்பர் தீர்ந்துபோனது. அங்கே பிள்ளை பேப்பருக்காகக் காத்து நின்றது. தாய், பிள்ளை முடிக்கட்டும் என்று காத்து நின்றது. தாய் நின்றதால் நாலு திரையும் நின்றன.

"இன்னாம்மா இது! கேட்ல ஆறு லாரி நிக்குது, ஸ்க்ரீன் கல்லு மாதிரி கீது!" டில்லிபாபு கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

அவசரமாகப் பழைய புரோகிராமை எடுத்துப் போட்டாள். என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும்.

காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் வேலையை விட்டுவிட்டு நிற்கக் கூடாது. அதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. பிள்ளை இறக்கும்போது மெஷின் தாய்க்கு ஒரு தகவல் அனுப்புகிறது. தகவல் வந்தால் கையில் இருப்பதை ஒரு கணம் நிறுத்திப் போய்க் கேட்டுவிட்டு, தாய் தன் வேலைக்குத் திரும்பலாம். அடுத்த ஞாயிறு அப்படி மாற்றினாள். அந்த வாரம் மெஷின் நிற்கவில்லை. ஆனாலும் பட்டியலில் தினமும் ஒன்றிரண்டு வரி தங்கியது. இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் இறந்தால் ஒரு தகவல்தான் வருகிறது என்று கண்டுபிடிக்க நான்கு நாளானது. ஒரு தகவலுக்கு ஒருவரை மட்டும் கேட்காமல், இன்னும் யாராவது உண்டா, இன்னும் யாராவது உண்டா என்று இல்லை என்கிற வரை கேட்கும்படி எழுதினாள். மூன்றாவது ஞாயிறோடு அது முடிந்தது.

அதற்கப்புறம் மெஷின் நிற்கவே இல்லை. நின்றால்தானே யாராவது கண்ணாடி அறைக்கு வருவார்கள்? இப்போது டில்லிபாபுவும் வருவதில்லை. ராஜாமணி ஒருமுறை ஆபீசில் பொதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா, மெமோ குடுத்ததும் ஒழுங்கா ஓடுது."

உண்மையைச் சொன்னால் அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டும்.

நான்காவது ஞாயிறு அம்பத்தூர் போனாள். சாப்பிடும்போது அம்மாவிடமும் அன்புவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டாள். "நல்லதும்மா. பெர்மனென்ட் பண்ணிடுவாங்களா?" அன்பு, "அந்த வூட்டப் பூட்டிட்டு இங்கயே வந்துடுக்கா, தனியா இன்னாத்துக்கு?" என்றான். இரண்டு பேருமே அன்பாகத்தான் பேசினார்கள். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

டிசம்பரில், மெட்ராஸ் கம்பெனியிலிருந்து மெஷினைப் பராமரிக்க நாகப்பன் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். தூசி துடைத்தார், பிரின்டரைச் சரிபார்த்தார். கடைசியில் பட்டியலை வரவழைத்தார். வந்தது பதினோரு வரி. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"காலையில அணைச்சுப் போட்டீங்களா?"

"இல்ல சார். ஏழு வாரமா அணைக்கல."

"இதே புரோகிராம் போட்ட இன்னும் மூணு இடத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்குது. இங்க எப்படி?"

இசைவாணி நோட்டைக் கொடுத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். 'வெயிட்' போட்ட திங்கட்கிழமைக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "பேப்பர் தீந்து போச்சா? ஐயோ, நானும் இதே தப்பைப் பண்ணி ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கேன்." பிறகு கேட்டார், இரண்டு பிள்ளை விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று. அவள் சொன்னாள். நடுவில் நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். இதைப் பற்றித் தன் குரல் இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதே இல்லை. மொத்தம் அரை மணி நேரம் இருக்கும்.

அந்த வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "மத்த இடத்துக்கும் போடப்போறேன். உங்க பேரை எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க சார்" என்றாள். இனிஷியலையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் போன பிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது. கேட்க வேண்டியது ஒன்று விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. தாய் முதலில் செத்துப்போனால் பிள்ளைகளை யார் கேட்பார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி பார்த்திருந்தாள். அது சரியாகப் புரியவில்லை. எழுந்து ஆபீசைத் தாண்டி வேகமாகக் கேட் வரைக்கும் நடந்தாள். வேன் அதற்குள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

"இன்னா மேடம், எதுனா சீட்டா?" என்று டில்லிபாபு எட்டிப் பார்த்தார்.

"இல்லண்ணா, சும்மா வந்தேன்."

"வெயில்ல நிக்கிறீங்களே" என்று அவர் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் மாறுவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.